முதல் ஏட்டுப் படம்

பவானிபூர், கல்கத்தா,
பிரமாதீச வருஷம் ஆவணி மாதம் 12-ஆம் தேதி, புதன்கிழமை.

சென்னப்பட்டணத்தில் வாசம் செய்யும் சௌபாக்கியவதி விஜயலக்ஷ்மி அம்மாளுக்கு, ஜகதாம்பாள் எழுதும் கடிதம்.

இவ்விடத்தில் தம்பி நடராஜன், அவன் சம்சாரம் மீனாக்ஷி, குழந்தை பாகீரதி, நான், நால்வரும் க்ஷேமம். பத்து நாளாக மழை விடவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தம்பி வேஷ்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்வருகிறான். தங்கள் கடிதமும் அந்தத் தண்ணீரைக் கடந்துதான் வந்து சேர்ந்தது. உறை நனைந்திருந்ததே தவிர, உள்ளே ஓர் எழுத்தும் அழியவில்லை.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் என்மேல் குற்றச்சாட்டு. கடைசி அரைப் பக்கத்தில், தங்கள் அகத்துக்காரர் ஸ்ரீமான் சுந்தரேசனுக்குப் பதினோரு நாளாக விஷஜுரம் என்றும், இது என் வயிற்றெரிச்சலால் வந்தது என்று தங்கள் மாமியார் சொல்கிறார் என்றும், நான் மனதார நல்ல வார்த்தை ஒன்று எழுதினால் போதும் என்றும் கண்டிருக்கிறது. தாங்கள் வைத்த வரிசையிலேயே நானும் பதில் எழுதுகிறேன். அரைப் பக்கத்துக்குரிய பதில் கடைசியில் வரும். தாங்கள் அதை முதலில் தேடிப் படிக்கக்கூடும். அதற்குத் தடை சொல்ல நான் அங்கே இல்லை. ஆனால் முந்தியதைப் படிக்காமல் பிந்தியது விளங்காது.

தங்களுக்கு 'நீ' என்று எழுதிவந்தவள் நான். 'அக்கா' என்று என்னை அழைத்துவந்தவர் தாங்கள். இப்போது என் எழுத்தில் மரியாதை கூடியிருப்பதைக் கண்டு வருந்த வேண்டாம். அது கூடிய தினம் எது என்பது தங்களுக்குத் தெரியும்.

குற்றச்சாட்டைச் சுருக்கமாகத் திருப்பி எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்தலாம். தாங்கள் இயற்றியதாக வெளிவந்திருக்கும் குழந்தைகளின் படப் புஸ்தகத்தில், 'அம்மா' என்று எழுதியிருக்கும் முதல் ஏட்டுப் படம் ஒரு கைம்பெண்ணின் படமாக இருக்கிறது. வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு, கழுத்தில் திருமாங்கல்யம் இல்லை, நெற்றியில் குங்குமம் இல்லை. மாதிரி அச்சை இங்கே பார்த்துக் கையெழுத்திட்டவள் நான். அது தமிழ் நாட்டில் எப்படிப் பார்க்கப்படும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், தெரிந்தே நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன். ஆனால் விவகாரம் அந்த அச்சுக் காகிதத்தில் தொடங்கவில்லை. தொடங்கிய இடத்தைத் தாங்கள் மூன்றரைப் பக்கத்தில் எங்கும் குறிப்பிடாதபடியால் நான் குறிப்பிடுகிறேன்.

தாங்கள் இவ்வூரில் இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கள் மாடியில் நம் ஸ்திரீகள் எட்டுப் பேர் கூடுவது வழக்கமாக இருந்தது. நம் குழந்தைகள் ஆயாக்களிடம் வங்காளியும் தெருவில் ஹிந்துஸ்தானியும் பேசி, தாய்ப்பாஷையில் பசிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாமல் வளர்கின்றன என்பதுதான் நம் கவலை. படப் புஸ்தகம் வேண்டும் என்று எல்லோரும் ஒப்பினோம். எது உகந்தது என்பதில் ஒருவரும் ஒப்பவில்லை. தாங்கள் சாஹேப் மார்க்கெட்டிலிருந்து இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று வாங்கி வந்தீர்கள். அதில் வாத்து தொப்பி போட்டுக்கொண்டிருந்தது, பன்றி கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட வாத்தை முதலில் பார்க்கும் குழந்தை, பிறகு குளத்தில் நிஜ வாத்தைப் பார்த்தால் இது ஏதோ ஏழை வாத்து என்று இரக்கப்படும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை தன் ஜன்னலிலிருந்து எதைப் பார்க்கிறதோ அதுதான் முதல் புஸ்தகத்தில் இருக்க வேண்டும் என்பது அன்று என் அபிப்பிராயம். இன்றும் அதுவே. மீன் படம் போட்டால் ஆசாரக் குறைவு என்று ஓர் அம்மாள் ஆட்சேபித்தபோது, அப்படியானால் மச்சாவதாரத்தை எந்த ஏட்டில் ஒளிப்பது என்று கேட்டேன். அப்போது தாங்கள் என் தோளைத் தட்டி, 'அக்கா, நீங்க கோர்ட்டுக்குப் போயிருந்தா வக்கீலெல்லாம் மூட்டையைக் கட்டிண்டு போயிருப்பா' என்றீர்கள். அந்தக் கை என் தோளில் பட்டதை நான் மறக்கவில்லை. என் தோளைத் தொட அநேகர் துணிவதில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. தம்பி கழித்துப்போட்ட பழைய பாடப் புஸ்தகங்களை வைத்துத் தமிழும், அடுத்த வீட்டு வங்காளி மாமியான மாசிமாவின் பஞ்சாங்கத்தை வைத்து வங்காளியும் நானே படித்துக்கொண்டேன். அந்தப் படிப்பைக் கொண்டு ஐந்து மாதம் உட்கார்ந்து ஒரு படப் புஸ்தகம் செய்தேன். தோல் பையில் தண்ணீர் கொண்டுவருகிறவன், டிராம் வண்டி, காக்கை, வாழைக்காய், காளிகட்டத்து ஆடு, மீன், முப்பது ஏடுகள். முதல் ஏட்டில் 'அத்தை'. முக்காடிட்ட ஒரு ஸ்திரீ ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு புஸ்தகம் காட்டுகிறாள். குழந்தையின் கால் கட்டைவிரல் அவள் புடவை ஓரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். மூன்று வயதுப் பாகீரதி அப்படித்தான் உட்காருவாள். அவள் ஜன்னலிலிருந்து முதலில் பார்த்தது என்னை. ஆகையால் போட்டேன்.

நாலரை வருஷத்துக்கு முன், கீலக வருஷம் தை மாதம், இவ்வூரார் சரஸ்வதி பூஜை செய்யும் பஞ்சமி. நம் குழந்தைகளுக்கும் அன்றே அக்ஷர ஆரம்பம் என்று தீர்மானித்து, தங்கள் கூடத்தில் தேவியின் முன்னே என் புஸ்தகத்தை வைத்தீர்கள். பட்டணத்திலிருந்து தங்கள் மாமியார் வந்திருந்தார். முதல் ஏட்டைத் திருப்பிப் பார்த்து, 'அக்ஷரம் எழுதற நன்னாளும் அதுவுமா, முதல் ஏட்டுல மொட்டச்சி மூஞ்சியா' என்று கேட்டார். அவரை நான் நொந்துகொள்ளவில்லை. அவர் வயதில் எல்லோரும் அதையே கேட்பார்கள். தாங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புஸ்தகத்தை எடுத்தீர்கள், நூலை ஒட்டிக் கட்டைவிரலை வைத்தீர்கள், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழித்தீர்கள். பிறகு புஸ்தகத்தை மறுபடி தேவியின் முன்னே வைத்து, அதற்குப் பூவும் போட்டீர்கள்.

கூடத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவரும் பேசவில்லை. பாகீரதி மட்டும், 'அந்த மாமி ஏன் அத்தையைக் கிழிச்சா' என்று மீனாக்ஷியைக் கேட்டாள். மீனாக்ஷி அவள் வாயைப் பொத்தினாள்.

நான் இறங்கிப் போகும்போது மாடிப்படியில் ஓடிவந்து, தணிந்த குரலில், 'அந்த ஏட்டைக் கங்கையில விட்டுடறேன் அக்கா, மனசுல வச்சுக்காதீங்கோ' என்றீர்கள். புஸ்தகத்தை மட்டும் அட்டை போட்டுக் கட்டடம் செய்து தருவதாகச் சொல்லி வைத்துக்கொண்டீர்கள். அது திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் தங்கள் அகத்துக்காரருக்குப் பட்டணத்துக்கு மாற்றலாயிற்று, புஸ்தகமும் கூடவே மாற்றலாயிற்று.

பிறகு மூன்று வருஷம் தங்களிடமிருந்து ஒரு கார்டும் இல்லை. இந்த வருஷம் வைகாசியில் வந்த தங்கள் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கான படப் புஸ்தகம் ஒன்றைத் தாங்கள் இயற்றியிருப்பதாகவும், கல்கத்தாவில் படம் அச்சிடும் மரக்கட்டைகள் நயமாக வெட்டுவதால் அச்சு இங்கே நடப்பதாகவும், பெரிய தமிழ் எழுத்து இவ்வூர் அச்சுக்கூடத்தில் கிடையாதபடியால் என் கையெழுத்தில் எழுதித் தரவேண்டும் என்றும் எழுதினீர்கள். அதற்கு அடுத்த வாக்கியங்களைத் தங்கள் சொல்லிலேயே தருகிறேன்: 'எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும். படங்களைப் பற்றி அபிப்பிராயம் எழுத வேண்டியதில்லை. அவை இங்கே படித்தவர்கள் கூடித் தீர்மானித்தவை.'

முன்னுரையையும் எனக்கே அனுப்பினீர்கள். 'எத்தகைய படப் புஸ்தகம் இளங்குழந்தைகளுக்கு உகந்தது' என்பது தலைப்பு. ஜன்னலிலிருந்து குழந்தை காண்பதே முதல் புஸ்தகத்தில் இருக்கவேண்டும் என்று அதில் கண்டேன். ஏழை வாத்தையும் கண்டேன். மச்சாவதாரத்தையும் கண்டேன். என் வாக்கியங்கள் தங்கள் பெயருக்குக் கீழே நிற்பதைப் பார்த்தேன். இரண்டு சந்திப் பிழைகள் இருந்தன. திருத்தினேன். அதுதானே எனக்கு இட்ட வேலை.

அதுவரையில்கூட என் மனதில் இருந்தது வருத்தமே. இங்கே தங்கள் புஸ்தகத்துக்குப் படம் எழுதிய அவினாஷ் பாபு யார் என்பது தங்களுக்குத் தெரியாது. அவர் அடுத்த வீட்டு மாசிமாவின் பிள்ளை. கொல்லைப்புறமாக அவர்கள் வீட்டுக்கு நான் போய்வருவது உண்டு. எழுத்துகளைக் கொடுக்கப் போன தினம் அவர் மேஜையைப் பார்த்தேன். கண்ணாடிக் குண்டு வைத்து அழுத்தியபடி ஓர் ஏடு இருந்தது. ஓரம் கிழிந்த ஏடு. முக்காடிட்ட ஸ்திரீ, மடித்த முழங்கால், குழந்தையின் கட்டைவிரல்.

கங்கையில் விடவில்லை. நாலு வருஷம் பெட்டியில் வைத்திருந்து, வேலைக்கு ஆகும் என்று தெரிந்தபோது எடுத்திருக்கிறீர்கள்.

அவினாஷ் பாபு என்னை அக்கா முறையில் 'தீதி' என்று அழைத்து, இந்த முகத்தில் லக்ஷ்மி களை இருக்கிறது, யார் எழுதியதென்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். 'இதைப்போலவே, ஆனால் சுமங்கலியாக' என்று தாங்கள் இங்கிலீஷில் எழுதிய குறிப்பைக் காட்டினார். அதற்கென்ன கஷ்டம் என்று, தன் கண் அறிந்த சுமங்கலியைப் போட்டார். தலைமுக்காட்டை எடுக்கவில்லை, ஏனென்றால் இவ்வூரில் குலஸ்திரீ தலையை மூடாமல் இருக்கமாட்டாள். வெள்ளைப் புடவைக்கு அகலமாகச் சிவப்புக் கரை, வகிட்டில் சிந்தூரம், கையில் சங்கு வளை. கழுத்தில் ஒன்றுமில்லை, ஏனென்றால் இவர்களுக்குத் தாலி கிடையாது. வர்ணத்தில் அது மகாலக்ஷ்மியாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துக் கறுப்பு மையில் அச்சாகி வந்தது. சிவப்புக் கரை ஒரு கோடாயிற்று. சிந்தூரம் முக்காட்டு நிழலில் மறைந்தது. சங்கு வளை வெள்ளைக் காகிதத்தில் காணாமற்போயிற்று. மாசிமா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, 'ஆஹா, சாக்ஷாத் மா லக்ஷ்மி' என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அறையில் இருந்தவர்களில் அது என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்தியே. தாங்கள் கிழித்த ஏடு அப்படியே திரும்பி வந்து, தங்கள் பெயரைத் தாங்கிய புஸ்தகத்தில் முதலில் உட்கார்ந்திருந்தது.

மாதிரியைப் பட்டணத்துக்கு அனுப்பட்டுமா என்று அவினாஷ் பாபு கேட்டார். தாமதம் கூடாது, ஜகதாம்பாள் பார்த்தால் போதும் என்று தாங்கள் எழுதியிருந்ததையும் அவரே நினைவுகூர்ந்தார். பேனாவை எடுத்தேன். ஓரத்தில் நான்கு வார்த்தை எழுதினால் போதும் என்பது எனக்குத் தெரிந்தது. எழுதவில்லை. 'எழுத்துப் பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது சத்தியம். படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

பார்சலைப் பிரித்தபோது தங்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருஷம் இவ்வூர் மாசிமாக்களைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. பாலர் பாடசாலைக் கமிட்டியில் ஓர் அம்மாள் முதல் ஏட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்துப் பேர் நடுவில், 'ஏண்டி விஜயம், ஆத்துக்காரர் சௌக்கியமா இருக்காரோ இல்லியோ' என்று கேட்ட பிறகே தெரிந்ததாம். அந்த வரியைப் படித்தபோது நான் சிரித்தேன். மீனாக்ஷி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டதில்லை. கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரும் பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மௌனத்தின் நீளம் எனக்குத் தெரியும்.

படம் கல்கத்தாவில் நேர்ந்த பிழை, தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கமிட்டியாருக்கு நான் எழுதித் தரவேண்டும் என்று கேட்கிறீர்கள். எழுதமாட்டேன். நான் எழுதத் தொடங்கினால் முப்பது ஏடுகளைப் பற்றியும் எழுத நேரும். அது தங்களுக்கு உதவாது.

புஸ்தகத்தைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது. ஆயிரம் பிரதிகளிலும் முதல் ஏட்டை எடுத்துவிடலாம். வேலைக்காரியிடம் கொடுக்க வேண்டாம், தையல் விட்டுப்போகும். நூலை ஒட்டிக் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். இதைத் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் தடவை செய்யும்போது, ஒவ்வொரு தடவையும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நான் கேட்கும் பிராயச்சித்தம் அவ்வளவே.

எனக்கு அனுப்பிய ஒரு பிரதியில் நான் ஏட்டைக் கிழிக்கவில்லை. 'அம்மா' என்பதை அடித்து, மேலே 'அத்தை' என்று எழுதிப் பாகீரதியிடம் கொடுத்தேன். அவளுக்கு இப்போது ஏழு வயது. பார்த்ததும், 'உன்னை ஒட்டிட்டாளா அத்தை' என்று கேட்டாள். பழைய ஏட்டை அவினாஷ் பாபுவிடம் கேட்டு வாங்கி, அதையும் அந்தப் புஸ்தகத்திலேயே வைத்திருக்கிறேன்.

இனி அரைப் பக்கம்.

விஜயம், படத்தைப் பார்த்து யாருடைய புருஷனுக்கும் ஜுரம் வருவதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில் அது நேர்ந்தபோது எனக்கு எழுத்தே தெரியாது. நான் எந்தப் படமும் வரையவில்லை. யார் புஸ்தகத்தையும் தொடவில்லை. ஒருவரும் என்னைச் சபிக்கவும் இல்லை. ஆனாலும் வந்தது. ஆகையால் என் வயிற்றெரிச்சலுக்கு அவ்வளவு பலம் இருப்பதாக நினைத்து நீ தூக்கம் கெடாதே. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் உன் கைமேல் இருக்கும் கோபம். அது உன் கழுத்துவரை ஏறாது.

விஷஜுரம் என்றால் மூன்று வாரம் கண்டிப்பு. ஜுரம் இறங்கியது என்று பார்த்ததும் அவர் சாதம் கேட்பார், உன் மாமியாரும் மனம் இளகிக் கொடுக்கச் சொல்வார். கொடுக்காதே. கெட்டியாக ஒரு பருக்கையும் உள்ளே போகக் கூடாது. பார்லி ஜலம், வடிகட்டிய கஞ்சி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், இவ்வளவுதான். மாசிமாவின் மூத்த பிள்ளை பத்தொன்பதாம் நாள் ஒரு கவளம் சாதத்தால் போனான். இதை மாசிமாவே சொல்லி உனக்கு எழுதச் சொன்னார். நீயும் வேளைக்குச் சாப்பிடு. தினம் ஒரு கார்டு போடு, இரண்டு வரி போதும். காலைத் தபாலுக்கு நான் வாசலில் இருப்பேன்.

நான் மன்னித்துவிட்டதாக இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதே. அது வேறு, இது வேறு.

நீ கேட்ட வார்த்தை இது. தீர்க்க சுமங்கலியாக இரு. மஞ்சளும் குங்குமமும் குறையாமல், உன் குழந்தைகளின் குழந்தைகள் உன் மடியில் உட்கார்ந்து படம் பார்க்கும்வரை இரு. இந்த ஆசீர்வாதத்தை என் போன்றவள் வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். உன் மாமியார் கையில் இந்தக் கடிதம் கிடைத்தால் அவரும் அப்படித்தான் சொல்வார். கடிதத்தின் மற்ற ஏடுகளை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

இந்தக் கடைசி ஏட்டை மட்டும் கிழிக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜகதாம்பாள்